முக்திநாதன் சந்நிதிக்கு இருபது நிமிடம்

நேபாள நாட்டின் இமயச் சாரலில் எழுந்தருளியிருக்கும் முக்திநாதனை, திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமத் திவ்ய தேசத்து எம்பெருமானாகவே வைணவர் பலர் போற்றுகின்றனர். உடலில் வலு உள்ளபோதே ஒருமுறை சேவித்துவிட வேண்டும் என்னும் ஆவல் நம் வயதினர் பலருக்கும் உண்டு.

அங்குச் செல்வோர் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம் ஏறுவது வழக்கம். இரண்டிற்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரமே. பயண நேரம் இருபது நிமிடம், மிஞ்சினால் இருபத்தைந்து. மலைப்பாதையில் சென்றாலோ 150 கிலோமீட்டருக்கும் மேல். பகற்பொழுது முழுவதும் கழிந்துவிடும்.

ஆயினும் இந்த இருபது நிமிடத்தை மட்டும் நம்பித் திட்டமிடலாகாது. கிழக்கே அன்னபூர்ணா, மேற்கே தவளகிரி என 8,000 மீட்டரைக் கடந்த இரு சிகரங்களுக்கு நடுவே, காளி கண்டகி நதியின் பள்ளத்தாக்கு வழியாகச் சிறு விமானம் செல்கிறது. வெயில் ஏற ஏற அப்பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசத் தொடங்கும். ஆதலால் காலையில் மட்டுமே விமானங்கள் பறக்கும். மேகம் சூழ்ந்தால் அதுவும் இல்லை. நாங்கள் இரண்டு நாள் காலையில் விமான நிலையம் வரை சென்று, அறைக்குத் திரும்பினோம். ஊர் திரும்பும் பயணத்திற்கு முன் நான்கு நாள் உபரியாக வைத்திருந்ததே எங்களைக் காத்தது.

மூன்றாம் நாள் ஜோம்சோமில் இறங்கியதும், அன்றே தரிசிக்கும் ஆவலில் ஜீப்பில் மேலே சென்றோம். அங்கேதான் பிழை செய்தேன். பொக்காரா சுமார் 800 மீட்டர் உயரம். ஜோம்சோம் சுமார் 2,700. முக்திநாத் 3,700க்கும் மேல். ஒரே முற்பகலில் ஏறத்தாழ 2,900 மீட்டர் ஏறிவிட்டோம். சாலையில் சென்றிருந்தால் ஒரு பகல் அவகாசமேனும் உடலுக்குக் கிட்டியிருக்கும்.

கோயிலின் படிக்கட்டருகே என் மனைவி அமர்ந்துவிட்டாள். கடும் தலைவலி, குமட்டல். "இவ்வளவு தூரம் வந்து பெருமாளைச் சேவிக்காமல் திரும்புவதா?" என்று எண்ணி, வழியெல்லாம் அதை மறைத்திருக்கிறாள். வழிகாட்டி சிறிதும் தயங்காமல் எங்களைக் கீழே அழைத்துச் சென்றார். ஜோம்சோமை அடைந்த சில மணி நேரத்தில் அவள் தெளிவடைந்தாள். மறுநாள் முழுவதும் ஓய்வெடுத்து, அதற்கடுத்த நாள் மெல்ல மேலே சென்று, நூற்றெட்டுத் தாரைகளின் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, கண்குளிரச் சேவித்தோம்.

செல்ல விழையும் அன்பர்கள் முன்னதாகவே மருத்துவரைக் கலந்து கொள்க. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர்க்கு இது இன்றியமையாதது. ஜோம்சோமில் ஓர் இரவேனும் தங்குக. தலைவலியோ மூச்சுத் திணறலோ கண்டால் மறைக்காது உடனே கீழிறங்குக. உபரி நாட்களை வீண் செலவெனக் கருத வேண்டா. முக்திநாதன் திருவருளால் யாத்திரை இனிதே நிறைவேறட்டும்.