வேம்பின் ஏட்டில் ஒரு தேடல்

ராதாபுரத்தில் நான் சிறுவனாயிருந்த நாளில், உளுந்தைக் குலுக்கையில் கொட்டும்போது என் பாட்டி உலர்ந்த வேப்பிலையை இடையிடையே தூவுவார். ஏன் என்று கேட்டால், "கசப்புக்கு வண்டு அண்டாதுடா" என்பார். தலைமையாசிரியனாகி ஓய்வு பெற்ற பின்னரும் அதனினும் சிறந்த விடை என்னிடம் இல்லை.

வேம்பில் பூச்சிகளுக்குப் பெரும் பகையாக உள்ள பொருள் அசாடிரக்டின். வேப்பமுத்தின் பருப்பில் அது மிகுதி. அதனை உண்ட புழு தோலுரித்து வளர மாட்டாது. 1968-ல் அது பிரித்தெடுக்கப்பட்டது. அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, 2007-ல்தான் முடிந்தது. ஆலைக்கு ஒத்துவராத நெடுவழி அது. நம் முற்றத்து மரமோ ஆண்டுதோறும் ஓசையின்றி அதைச் செய்துவிடுகிறது! செய்முறை மரத்தினுள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டுமல்லவா?

எழுதப்பட்டிருக்கிறது, நான்கே எழுத்துக்களாலான மரபு ஏட்டில். வேம்பின் ஏட்டை 2012-ல் பெங்களூரு கணித் ஆய்வகத்தார் படித்து வெளியிட்டனர். அதில் சுமார் 20,000 ஜீன்கள். அசாடிரக்டினுக்கு உரியவை எவை? மண்வாழ் நுண்ணுயிர்களில் ஒரு பொருளைச் செய்யும் ஜீன்கள் பெரும்பாலும் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் குடியிருக்கும். செடிகளிலோ அவை பெரும்பாலும் சிதறிக் கிடக்கும்.

இங்கே கணிப்பொறி துணைக்கு வருகிறது. வகுப்பில் குறும்பு செய்தவனைக் கண்டுபிடிக்க நான் கையாண்ட முறைதான் அதுவும். இவனைப் போன்றவர் முன்பு இத்தகைய வேலை செய்ததுண்டா? அதாவது, வேறு செடிகளில் இவ்வகை மாற்றங்களைச் செய்வதாகத் தெரிந்த ஜீன்களை இது ஒத்திருக்கிறதா? அடுத்து, குறும்பு நடந்த வேளையில் இவன் அங்கே இருந்தானா? அதாவது, கசப்பு உண்டாகும் உறுப்பில், மற்றக் கூட்டாளி ஜீன்களோடு சேர்ந்து இது விழித்தெழுகிறதா? இவ்விரண்டையும் ஒப்பிட்டு, பல்லாயிரத்தைச் சில பத்துகளாகக் கணிப்பொறி குறைத்துவிடும்.

ஆனால் சந்தேகம் சாட்சியாகாது. (சந்தேகத்தின் பேரில் பிரம்பெடுத்து, பின்னர் நான் வருந்தியதும் உண்டு.) ஆகவே, ஐயத்துக்குரிய ஜீனைப் புகையிலை இனச் செடியொன்றின் இலையில் புகுத்தி, எதிர்பார்த்த பொருள் அங்கே விளைகிறதா என்று சோதிக்கின்றனர்.

இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிலையத்தாரும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் வேம்பின் உறவான மீலியா மரத்தையும் ஆரஞ்சையும் இவ்வாறு ஆராய்ந்தனர். ஆரஞ்சு விதையின் கசப்பும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 22 என்சைம்களைக் கண்டறிந்து 2023-ல் அறிவித்தனர். புகையிலை இலையில் அசாடிரோன் என்னும் பொருள் விளைந்தது. அசாடிரக்டினுக்குச் செல்லும் பாதையில் அது இடைவழிச் சத்திரம். அவ்வாய்வு அங்கே நின்றது. கடையில் விற்கும் வேப்ப மருந்துக்கு இன்றும் மரத்தடியில் உதிர்ந்த முத்தைத்தான் பொறுக்குகிறார்கள்.