சிறிய ராடாரும் பெருமழையும்

கோடை கழிந்து வரும் இடிமழை சென்னையின் மேற்குப் புறநகர்களுக்குப் பெரும்பாலும் மேற்கிலிருந்தே வருகின்றது. எங்கள் சென்னீர்குப்பத்துப் பெரியவர்கள் திருவள்ளூர்ப் பக்கம் மின்னினாலே கொடியில் காயும் துணிகளை எடுக்கச் சொல்லிவிடுவார்கள். ஆனால், அம்மழை எங்கே, எவ்வளவு பெய்யும் என்பதைக் கண்ணால் அளக்க இயலுமா? அதற்கென அமைந்த கருவியே வானிலை ராடார்.

ராடார் நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் மிகச் சிறு பங்கை வாங்கிக்கொள்கிறது. திரும்பிவர ஆகும் நேரம் தொலைவைக் காட்டும். துளிகள் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்பதையும் டாப்ளர் வகை ராடார் கூறிவிடும். 2002-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் அமைந்த டாப்ளர் ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 10 செ.மீ. கடலில் வெகுதொலைவில் வரும் புயலைக் காண்பதில் அது வல்லது.

பின், சிறிய ராடார் எதற்கு? பூமி உருண்டை என்பதே காரணம். அரைப் பாகை உயர்த்தி அனுப்பிய கற்றை, 100 கி.மீ. சென்றதும் தரைக்கு மேல் சுமார் ஒன்றரைக் கி.மீ. உயரத்தில் இருக்கும். அதன் கீழ் நடப்பது தெரியாது. ஆகவே, பக்கத்திலிருந்து பார்க்கும் கண்கள் பல வேண்டும். 10 செ.மீ. அலையை ஒரு பாகைக் கற்றையாக்க எட்டு மீட்டருக்கும் அகன்ற கிண்ணம் தேவை. 3 செ.மீ. அலைக்கு இரண்டரை மீட்டர் போதும். எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேலேயே ஏற்றிவிடலாம்! உணர்திறனும் மிகுதி. சிறு துளி சிதறும் ஆற்றல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அதே துளி 3 செ.மீ. அலையை நூறு மடங்குக்கு மேல் வலுவாகச் சிதறுகிறது.

இவ்வகை ராடார் ஒன்று, நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் வடிவமைப்பில், பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்புதான், 2021 டிசம்பர் 30 அன்று, முன்னறிவிப்புக்கு அகப்படாத பெருமழை நகரை நனைத்திருந்தது.

ஒரு குறையும் உண்டு. 3 செ.மீ. அலையைக் கனமழை விழுங்கிவிடும். முன்னே பெய்யும் மழைக்குப் பின்னே உள்ளது மங்கிவிடும். பெருந்துளிகள் விழும்போது தட்டையாவதால், கிடை அலை நிலைக்குத்து அலையைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. இந்த வேறுபாட்டை அளந்து இழப்பை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். ஆயினும், அலை முற்றிலும் அழிந்தபின் ஈடுகட்ட ஏது வழி? அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 2006-இல் நான்கு சிறு ராடார்களை அமைத்து, ஒரே மழையைப் பல பக்கங்களிலிருந்து பார்த்தார்கள்.

நமக்கு இது ஏட்டுக் கணக்கன்று. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அத்தகைய இரவு மீண்டும் வந்தால், பள்ளிக்கரணை ராடாருக்கும் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் இடையே தாம்பரத்து மழையே திரையாக நிற்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மற்றொரு சிறு ராடார் இருப்பின், ஏரிக்கு வரப்போகும் நீரை மேற்கிலிருந்து காணலாம். மதகு திறக்கும் முன் அடையாற்றுக் கரை மக்களுக்கு ஓரிரு மணி நேரமேனும் கிடைக்கும்.