மரு யாருக்கு வருகிறது?

நலமாக இருக்கும் ஒருவரின் புருவத்திலிருந்து சில முடிகளை வேரோடு எடுத்துச் சோதித்தால், பெரும்பாலும் அவற்றில் மருவுக்குக் காரணமான பாப்பிலோமா வைரஸின் மரபுப்பொருள் இருக்கும். அவர் உடம்பில் ஒரு மருகூட இல்லாமலிருக்கலாம். மனிதர்களிடம் இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் குழந்தைப் பருவத்திலேயே தோலில் குடியேறிவிடுகின்றன. பிறகு ஏன் பெரியவர்களில் சிலருக்கு மட்டும் மரு முளைக்கிறது?

வைரஸின் விட்டம் ஏறத்தாழ 55 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 18,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். இவ்வளவு சிறியதாக இருந்தும் முழுமையான தோலை அதனால் துளைக்க முடியாது. மேலே இருப்பவை இறந்த செல்கள். வைரஸுக்கு வேண்டியதோ மேல்தோலின் அடியடுக்கில் பிரிந்து பெருகும் செல்கள். அங்கே போய்ச்சேரச் சிறு கீறல் போதும்: சவரம் செய்த கன்னம், கடித்த நகத்தின் ஓரம், ஈரத்தில் ஊறிய பாதம். கொழுப்புறை இல்லாத வைரஸ் என்பதால் உலர்ந்தாலும் எளிதில் அழியாது. பலர் வெறுங்காலோடு நடக்கும் பொதுக்குளியலறைத் தரையும் நீச்சல்குள ஓரமும் அது காத்திருக்கும் இடங்கள்.

சிறு காயமே வைரஸுக்கு வழி என்பதற்குத் தெளிவான சாட்சி, இறைச்சி வெட்டுபவர்களின் கைகள். நாள் முழுக்க ஈரம், குளிர், கத்தியும் எலும்புச் சில்லும் கிழிக்கும் சின்னச் சின்னக் காயங்கள். அவர்களின் மருக்களில், மற்றவர்களிடம் அரிதான 7ஆம் வகை வைரஸ் அடிக்கடி காணப்படுகிறது. அது ஆடுமாடுகளிடமிருந்து வந்ததல்ல, மனித வைரஸ்தான். தொழில் அதற்கு வழி திறந்துவிடுகிறது.

உள்ளே போன வைரஸ் ரத்தத்தில் கலப்பதில்லை, செல்லை உடைப்பதுமில்லை. செல் முதிர்ந்து மேலேறும்போது கூடவே ஏறி, உதிரும் தோலோடு வெளியேறுகிறது. இத்தனை அமைதியாக வாழ்வதைக் கண்டுபிடித்து அடக்குவது டி-செல்கள் என்னும் வெள்ளணுக்களின் வேலை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் பெற்று எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உண்பவர்களுக்கும் அந்தக் காவல் தளர்கிறது. மருக்கள் பெருகுகின்றன, எளிதில் மறைவதில்லை.

சிலருக்கு இவ்வைரஸை எதிர்க்கும் ஆற்றலில் பிறவியிலேயே குறை. 1922இல் மருத்துவர்கள் லெவாண்டோவ்ஸ்கி, லுட்ஸ் இருவரும் உடலெங்கும் மரு பரவும் ஓர் அரிய நோயை விவரித்தார்கள். பாப்பிலோமா வைரஸ் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்பதற்கு இந்நோய் ஒரு மாதிரி என்று போலந்து மருத்துவர் ஸ்டெஃபானியா யப்வோன்ஸ்கா குழுவினர் 1972இல் எடுத்துக்காட்டினர். 2002இல் அதற்குக் காரணமான இரு மரபணுக்கள் தெரியவந்தன. இந்த நோயாளிகளின் புற்றுநோய் பெரும்பாலும் வெயில் படும் நெற்றியிலும் கைகளிலும் வருகிறது. 5, 8ஆம் வகைகள் அதில் அதிகம் தென்படுகின்றன. புறஊதாக் கதிர் செல்லின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது, தோலின் எதிர்ப்பாற்றலையும் தணிக்கிறது. வயது ஏறஏற இவ்வகை வைரஸ்கள் தோலில் கூடுதலாகக் காணப்படுவதும் உண்மை.

ஆகவே மரு வந்தவர் அசுத்தமானவர் என்று ஒதுக்குவது அநியாயம். உள்ளங்கால் தடிப்பில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அது கால் ஆணி அல்ல, மருவாக இருக்கலாம். அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். பிளேடால் சீவினால் வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவும். சவரக் கத்தியையும் துண்டையும் பகிராதீர்கள். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் வெயிலிலிருந்து தோலைக் காத்து, புதிதாக வளரும், ரத்தம் கசியும் எந்தத் தடிப்பையும் உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.