சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை, நாய்: எத்தனை வளர்க்கலாம், எந்தத் தேதிக்குள் உரிமம்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றவர்களில், அங்குள்ள அரசு அடுக்குமாடி வீடுகளில் குடும்பத்தோடு வசிப்போரும் உண்டு. அந்த வீடுகளில் பூனை வளர்ப்பதற்கான விதிகள் 2024 செப்டம்பர் 1 முதல் மாறிவிட்டன. திருவந்திபுரம் போன்ற ஊர்களில் பூனை வளர்க்க யாரிடமும் அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. அதனால் உரிமம், சிப், எண்ணிக்கை வரம்பு என்று அங்கிருந்து வரும் தகவல்கள் இங்குள்ள உறவினர்களைக் குழப்புகின்றன.

2024 வரை பூனைக்குத் தடை இருந்தது ஏன்?

அரசு வீடுகளைக் கட்டி நிர்வகிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1989 முதல் பூனை வளர்ப்பைத் தடை செய்திருந்தது. பூனையை வீட்டுக்குள் அடக்கி வைப்பது கடினம், முடி உதிரும், இரவில் சத்தம் போடும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். தடையை மீறியும் பல வீடுகளில் பூனைகள் வளர்ந்தன. கணக்கில் வராத அந்தப் பூனைகளைப் பதிவுக்குள் கொண்டுவருவதே புதிய விதிகளின் முக்கியப் பயன்.

வாடகைக்குக் குடியிருப்போருக்கும் புதிய விதிகள் பொருந்துமா?

பொருந்தும். எண்ணிக்கை வரம்பு ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே வீட்டில் அறை பிரித்து இரண்டு குடும்பங்கள் தங்கியிருந்தாலும், மொத்த எண்ணிக்கை அந்த வரம்பைத் தாண்டக் கூடாது. வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தில் தனியாக நிபந்தனை வைத்திருந்தால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டில் எத்தனை வளர்க்கலாம்?

அதிகபட்சம் 2 பூனைகள், 1 நாய். நாய் இல்லை என்பதற்காக மூன்றாவது பூனை வளர்க்க முடியாது.

எந்த நாயையும் வளர்க்கலாமா?

முடியாது. அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மீட்கப்பட்ட கலப்பின நாய்களைத் தத்தெடுப்பதற்கு 2012-இல் தொடங்கிய தனித் திட்டம் ஒன்று உள்ளது. அதன்கீழ் 55 செ.மீ. உயரம் வரையுள்ள நாய்க்கு அனுமதி கிடைக்கும். அனுமதி இல்லாத நாயை வைத்திருந்தால் 4,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

ஏற்கெனவே நான்கைந்து பூனைகள் இருந்தால்?

அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் 2026 ஆகஸ்ட் 31 வரை இரண்டு ஆண்டுகள் மாறுதல் காலமாக அறிவிக்கப்பட்டுள்ளது. இந்தக் காலத்துக்குள் எல்லாப் பூனைகளுக்கும் உரிமம் பெற்றுவிட்டால், வரம்பைத் தாண்டியிருந்தாலும் தொடர்ந்து வளர்க்கலாம்.

உரிமம் பெற என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய இலவச இணையவழிப் பாடத்தை முடித்து, பூனைக்கு மைக்ரோசிப் பொருத்தி, தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடைப் பிரிவிடம் விண்ணப்பிக்க வேண்டும். கருத்தடை செய்த பூனைக்கு ஆண்டுக் கட்டணம் 15 டாலர் (சுமார் 1,000 ரூபாய்); செய்யாத பூனைக்கு 90 டாலர். கருத்தடை செய்த பூனைக்கு மாறுதல் காலத்தில் விண்ணப்பித்தால் இரண்டு ஆண்டு உரிமம் இலவசம். சிப் பொருத்தும் செலவும் கருத்தடைச் செலவும் தனி.

சிப் இருந்தால் பூனை எங்கே இருக்கிறது என்று செல்போனில் தெரியுமா?

தெரியாது. அரிசி மணி அளவிலான அந்தச் சிப், ஊசி மூலம் தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் செலுத்தப்படுகிறது. அதில் பேட்டரி கிடையாது. காணாமல் போன பூனை யாரிடமாவது கிடைத்து, மருத்துவமனையில் கருவியை அதன்மேல் காட்டினால் 15 இலக்க எண் தெரியும். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே உள்ளவர்தான் உரிமையாளர் என்பதால், முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறினால் உடனே திருத்த வேண்டும்.

வீட்டில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

பூனை வெளியே திரியாமலும் மாடியிலிருந்து விழாமலும் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் பொறுப்பு. சன்னல்களிலும் வாசல் கம்பிக் கதவிலும் வலை அடிப்பது இதற்கு நல்ல வழி. பத்தாவது, பதினைந்தாவது மாடி வீடுகளில் இதைத் தள்ளிப் போடக் கூடாது. கம்பிகளுக்கு இடையே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தாலே குட்டிப் பூனை வெளியே போய்விடும்.

கெடு தாண்டினால்?

2026 செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமல் பூனை வளர்ப்பது குற்றம். அபராதம் 5,000 டாலர் வரை, அதாவது 3 லட்சம் ரூபாய்க்கு மேல். அதுவரை உரிமம் பெறாத, வரம்புக்கு மேற்பட்ட பூனைகளுக்கான விலக்கும் அதன்பின் கிடையாது.

வேலை முடிந்து ஊர் திரும்பும்போது பூனையை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா?

தெருவில் விட்டுவிட்டு வருவது குற்றம். முதல் முறைக்கே 10,000 டாலர் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இந்தியாவிலும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி இது குற்றமே. ஆனால் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை மட்டுமே அபராதம். கைவிடப்பட்ட உயிருக்கு இந்தத் தொகை எந்தப் பாதுகாப்பும் தராது.

கடலூருக்குக் கொண்டு வர முடியுமா?

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வெளிநாட்டில் வசித்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புவோர், அதிகபட்சம் 2 செல்லப்பிராணிகளைப் பயண உடைமையாகக் கொண்டு வரலாம். தடுப்பூசி, உடல்நலச் சான்றிதழ்களுடன் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. அந்த அலுவலகம் சென்னையில் உள்ளது. வழக்கம்போல் திருச்சிக்கு டிக்கெட் எடுக்கும் முன், எந்த விமான நிலையம் வழியாக அனுமதி என்பதை அங்கே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு அடுக்ககங்களில் குடியிருப்போர் சங்கம் செல்ல நாய்களைத் தடை செய்ய முடியுமா?

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரி 26-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுக்கூட செல்ல நாய்களைத் தடை செய்ய முடியாது. லிப்ட் பயன்படுத்தத் தனிக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது. அதே சமயம், வளர்க்கும் விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறுவோருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்கீழ் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.