எது கானா? ரயில் பெட்டியில் ஒரு வழக்கு

தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக ஏறிவிட்டால், பெட்டியின் தகரச் சுவரே தாளக் கருவி ஆகிவிடும். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தடம் இது. பாட்டு ஓய்ந்ததும் வழக்கு தொடங்கும். "இது கானாவே இல்ல மச்சான், குத்து" என்பார் ஒருவர். "அப்போ தேவா சினிமாவுல போட்டதெல்லாம் என்ன?" என்பார் இன்னொருவர். சைதாப்பேட்டை தாண்டியும் தீர்ப்பு வராது.

தாளத்தை வைத்துச் சொல்லலாமா? அதே அடி சினிமாக் குத்துப் பாட்டிலும் கேட்கிறது. மெட்ராஸ் பேச்சை வைத்துச் சொன்னால், விளம்பரப் பாட்டுகூட கானா ஆகிவிடும்.

கிராமத்து வாசகர்களுக்கு ஒப்பாரி தெரியும். மரண கானா அதன் உறவுக்காரப் பாட்டுதான். ஆனால் ஒப்பாரியைப் பெண்கள் பாடுவார்கள். மரண கானாவைப் பெரும்பாலும் ஆண்கள், பந்தலில் மைக் கட்டி இரவு முழுக்கப் பாடுவார்கள். இறந்தவரின் பெயர், செய்த வேலை, பெற்ற பிள்ளைகள் எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். மூட்டை தூக்கியவரின், குப்பை அள்ளியவரின் வாழ்க்கையை எந்தச் செய்தித்தாளும் எழுதியதில்லை. பாட்டில்தான் அது பதிவானது.

'வடசென்னைப் பாட்டுதான் கானா' என்பது பழைய இலக்கணம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் என்று ஊர்ப் பெயர்களையும் அடுக்குவார்கள். 2000-க்குப் பிறகு நகரத்துக் குடிசைவாசிகளை கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொண்டுபோய் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட, பாட்டு மட்டும் கூடவே வந்தது. பெரும்பாக்கத்தில் பிறந்த பிள்ளை பாடினால் அது எந்தச் சென்னையின் பாட்டு?

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுத்த குழு. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லில் இருந்து பெயர் எடுத்தார்கள். கானாவோடு ராப்பும் ராக்கும் சேர்ந்தன. கிடார் வந்தால் கானா கெட்டுவிடும் என்று கவலைப்படுவோர் உண்டு. டோலக்கும் புல்புல்தாராவும் மட்டும் இந்தச் சேரியிலேயே முளைத்தவையா என்ன? அதே குழுவில் பாடிய இசைவாணி, ஆண்களின் பாட்டு என்றிருந்த கானாவில் பெண் குரலாக நின்றார். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலிலும் இடம்பெற்றார்.

சினிமாவில் வந்தால் கானா ஆகாது என்பதை நாம் ஏற்கவில்லை. கானா பாலாவும் கானா உலகநாதனும் சினிமாவால்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தார்கள். நமது குறை வேறு. சினிமா பெரும்பாலும் காதல் தோல்வியையும் குடியையும் எடுத்துக்கொண்டது. செத்தவர் பெயரையும் அம்பேத்கரைப் பாடும் பாட்டையும் பந்தலிலேயே விட்டுவிட்டது. சினிமாப் பாட்டை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் 'இது வெறும் குத்து' என்கிறார்கள்.

2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. சபா கச்சேரிகளுக்கே உரியது என்றிருந்த மாதத்தில் பறையும் ஒப்பாரியும் கானாவும் மேடை ஏறின. அதைக் கேட்டுவிட்டு வந்த மாணவர்களும் இதே ரயிலில்தான் வருகிறார்கள். வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.