சுவருக்கு வெளியே இறங்கும் சுமை

அமெரிக்காவின் கிடங்குகளும் பேரங்காடிகளும் பல இடங்களில், தரையிலேயே படுக்கைவசமாக வார்த்து, இறுகிய பின் கிரேனால் தூக்கி நிறுத்திய கான்கிரீட் சுவர்களின்மீது இரும்புக் கூரை போட்டுக் கட்டப்படுகின்றன. அக்கூரையைத் தாங்கும் ஜாய்ஸ்ட் என்பது, மேலும் கீழும் ஓடும் இரும்புச் சட்டங்களை இடையே கோணல்மாணலாகச் செல்லும் கம்பிகளால் இணைத்துச் செய்த, எடை குறைந்த துணை உத்திரமாகும். பரவலாகப் பயன்படும் வகையில், சுவரோரத்தில் உட்காரும் அதன் முனை இரண்டரை அங்குல (64 மி.மீ.) உயரமே கொண்டது. சுவரில் பொந்து விட்டு முனையைச் செருகிவிடுவது பழைய வழி. சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டைகள் அப்படித்தான் சுவருக்குள் புகுந்து நின்றன, சுவரின் ஈரத்தால் முதலில் உளுத்ததும் அந்த முனைகள்தாம். கான்கிரீட் சுவரிலோ பொந்து ஒவ்வொன்றும் உள்ளிருக்கும் கம்பிக்கு இடைஞ்சலாகும் என்பதால், சுவரின் முகத்தில் ஓர் இரும்பு ஆங்கிளைப் பொருத்தி, அதன்மேல் ஜாய்ஸ்டை உட்காரவைக்கும் முறை வசதியாக இருக்கிறது.

ஆங்கிள் ‘ட’ எழுத்தைப் போன்றது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, கிடையான கால் மேலே பலகைபோல் நீள, செங்குத்தான கால் சுவரை ஒட்டிக் கீழே தொங்குமாறு வைப்பார்கள். சுவரை வார்க்கும்போதே, பின்புறம் குமிழ்த்தலை ஆணிகள் பற்றவைக்கப்பட்ட தகடு ஒன்றைக் கான்கிரீட்டில் பதித்து, பின்னர் ஆங்கிளை அத்தகட்டோடு வெல்டிங் செய்வது வழக்கம். பார்வைக்கு அலமாரித் தாங்கியைப் போல எளிதாகத் தோன்றும் இந்த அமைப்பில், வடிவமைப்பாளர் முதலில் கவனிக்க வேண்டியது சுமையின் அளவைவிட அது இறங்கும் இடத்தைத்தான், ஏனெனில் ஜாய்ஸ்டின் எடை சுவருக்குள் இறங்காமல் அதன் முகத்துக்கு வெளியே சில விரற்கடை தள்ளி இறங்குகிறது.

ஒரு ஜாய்ஸ்ட் முனை 40 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 4 டன், சுமையைச் சுவர் முகத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி இறக்குவதாகக் கொள்வோம். ஆங்கிளின் மூலை வளைவு முடியும் இடம் சுவரிலிருந்து 20 மி.மீ. தொலைவில் இருந்தால், மீதி 30 மி.மீ. நீளத்துக்குக் கிடைக்கால் கீழே வளையப் பார்க்கும். ஆங்கிளின் நீளம் 200 மி.மீ. எனில், 10 மி.மீ. கனமுள்ள காலில் எழும் வளைவுத் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை, 360 நியூட்டன். சாதாரண இரும்பு 250 நியூட்டனிலேயே நிலையாக வளைந்துவிடும். கனத்தை 12 மி.மீ. ஆக்கினால் தகைவு சரியாக 250-இல் வந்து நிற்கும், பாதுகாப்புக்கு மிச்சமே இராது, 16 மி.மீ. ஆக்கினால் ஏறத்தாழ 140-க்கு இறங்கிவிடும். கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வலிமை கூடுவதால்தான் சில மில்லிமீட்டர்களுக்கு இவ்வளவு வேறுபாடு.

ஆங்கிள் தாங்கினால் போதாது. அதே 50 மி.மீ. தூரம் தகட்டின் மேல்விளிம்பைச் சுவரிலிருந்து பிடுங்கவும், கீழ்விளிம்பைச் சுவரோடு அழுத்தவும் முனைகிறது. அழுத்தம் விழும் இடத்துக்கும் மேல்வரிசை ஆணிகளுக்கும் 100 மி.மீ. இடைவெளி என்றால், கீழ்நோக்கிய 40 கிலோ நியூட்டன் சுமை மட்டுமே மேல் ஆணிகளில் 20 கிலோ நியூட்டன் வெளியிழுப்பை உண்டாக்கும். ஆணி அறுவதற்கு முன் கான்கிரீட்டே கூம்பு வடிவில் பெயர்ந்துவிடக்கூடும். அமெரிக்கக் கான்கிரீட் விதிமுறை அக்கூம்பு ஆணியின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் எல்லாப் பக்கமும் விரிவதாகக் கணக்கிடுகிறது. 100 மி.மீ. ஆழ ஆணிக்கு 150 மி.மீ. தேவைப்பட, சுவரின் மேல்விளிம்பு அதற்குள்ளேயே முடிந்துவிட்டால் கூம்பு அறுபட்டு வலிமை குறையும். இரும்பு வளைந்து காட்டிவிட்டுத்தான் போகும். கான்கிரீட் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

களத்தில் அந்த 50 மி.மீ. தூரம் வரைபடத்தில் கண்டபடி இருப்பதும் அரிது. சுவர் 25 மி.மீ. வெளியே தள்ளி நின்று, அதனால் ஜாய்ஸ்ட் அதே அளவு எட்டாமல் போனால், 50 மி.மீ. 75 ஆகிறது, சுமை ஒரு கிலோகூடக் கூடாமலேயே சுவரின்மீதான திருப்புவிசை ஒன்றரை மடங்காகிறது. அப்போது ஆங்கிளின் ஓரத்தில் துண்டுத் தகடு ஒட்டி நீட்டிக்கொள்வது பணியிடத்துச் சமாளிப்பு. ஆணிகளின் கணக்கைத் திரும்பப் போடாமல் அப்படிச் செய்வது தவறு. வெல்டிங்கையும் ஒரே மூச்சில் இழுத்துவிடக் கூடாது, தகடு சூடேறி விரிந்தால் சுற்றியுள்ள கான்கிரீட் உதிரும்.

நிலநடுக்கம் வரும் ஊரில் இன்னொரு விசையும் சேர்கிறது. 1971 பிப்ரவரி 9 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் இவ்வாறு தூக்கி நிறுத்திய கான்கிரீட் சுவர்கள் சில வெளிப்புறமாகச் சாய, அவற்றில் போல்ட் போட்டிருந்த மரத்தாங்கிகள் நாரோட்டத்தில் பிளந்து கூரை சரிந்தது. சுவரைக் கூரையோடு நேரடியாகப் பிணைக்க வேண்டுமென விதிகள் அதன் பின்னரே இறுகின. இரும்பு ஆங்கிளிலும், சுவர் வெளியே சாயும்போது எழும் இழுப்பு ஜாய்ஸ்டின் மேற்சட்டம் வழியாகத்தான் வருகிறது. மேற்சட்டமோ ஆங்கிளுக்கு மேலே ஏறத்தாழ 64 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் உண்டாக்கும் திருப்புவிசையையும், நேரான இழுப்பையும், எடையால் ஏற்கெனவே வந்த 20 கிலோ நியூட்டனையும் சேர்த்துச் சுமக்க வேண்டியவை அதே மேல்வரிசை ஆணிகள்தாம்.