கறவைக் கூடமா, ரோபோவா?

பினாங்கில் சென்ற நூற்றாண்டில் வீடு வீடாகச் சென்று பால் ஊற்றியவர்களில் மிகப் பலர் தமிழரும் பிற இந்தியருமே. அவர்களைப் போன்றோர் இத்தேசத்துக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்த பசுக்களின் சந்ததியை, மலேசியக் கால்நடைத் துறையினர் ‘உள்நாட்டு இந்தியக் கறவை இனம்’ என்று இன்றும் தனிப்பெயரிட்டுக் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பால் தொழிலைப் பினாங்கைச் சேர்ந்த செபராங் பிறையில் விடாமல் நடத்துகிறவர்களுக்கு, கறவையாள் கிடைப்பது அரிதாகிவரும் இக்காலத்தில், கறவைக் கூடம் கட்டுவதா, மனிதக் கை படாமலே கறக்கும் ரோபோவை வாங்குவதா என்ற யோசனை எழுவது இயற்கையே.

1992-ஆம் ஆண்டு நெதர்லாந்தில் முதன்முதலாக வியாபார ரீதியில் பண்ணைக்கு வந்த ரோபோவின் நுட்பம் வியக்கத்தக்கது. தீவன ஆசையால் தானே வந்து நிற்கும் பசுவைக் கழுத்துப்பட்டையிலுள்ள கருவியால் இன்னதென்று அறிந்து, காம்புகளைச் சுத்தம் செய்து, லேசர் ஒளியால் அவற்றின் ஸ்தானத்தைக் கண்டு கிண்ணங்களைப் பொருத்தி, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே சோதித்து மடிநோயின் ஆரம்ப லக்ஷணங்களை அறிவிக்கும் அந்த யந்திரம், இரவு பகலாக உழைத்து ஏறக்குறைய 60 பசுக்களைக் கவனிக்க வல்லது. கறவைக் கூடத்திலோ, மேடைமேல் சாய்வரிசையாக நிற்கும் பசுக்களின் மடி தமக்கு எட்டும்படி, பள்ளத்தில் நிமிர்ந்து நிற்கும் ஆள் கிண்ணங்களை மாட்டுகிறார். கறப்பது மட்டுமே யந்திரத்தின் வேலை.

எது மேல் என்பதைப் பசுவைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். மடியைத் தொட்டதும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு ரத்தத்தில் கலந்து பாலை இறக்குகிறது. அதன் சக்தி சில நிமிஷங்களே நிலைக்கும். ஐரோப்பிய இனங்கள் கன்றைக் காணாமலே பால் விடப் பழகிவிட்டன. நம் இந்திய இனங்களின் ரத்தம் மிகுந்த பசுக்களோ, கன்று முட்டி ஊட்டிய பிறகே சுரப்பு விடும் இயல்பு வாய்ந்தவை. பயந்தால் பாலை அடக்கிக்கொள்ளும். கன்றுக்கு இடமில்லாத ரோபோப் பெட்டியினுள் அத்தகைய பசு பால் விடாமலே திரும்பிவிடக்கூடும். மேலும், பசு தானே நடந்து வருவதை நம்பியே ரோபோ வேலை செய்கிறது. பினாங்கின் நண்பகல் புழுக்கத்தில் நிழலைவிட்டு நகர மறுக்கும் பசுவை ஓட்டிவர மறுபடியும் ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே, 20, 30 மாடுகள் உள்ள குடும்பத் தொழுவத்துக்கு ரோபோ வேண்டாம் என்பதே என் திடமான அபிப்பிராயம். 60 பசுக்களுக்கென்று செய்த யந்திரத்தின் விலையை 20 பசுக்கள் ஈடுசெய்யமாட்டா. பாலை வாளியில் கறந்து சேர்க்கும் சிறு யந்திரத்தில் தொடங்கி, மாடுகள் பெருகியபின் சிறு கூடம் கட்டிக்கொள்வதே அவர்களுக்கு உகந்தது. ஐரோப்பியக் கலப்பினப் பசுக்களை நூற்றுக்கணக்கில் வளர்த்து, பழுது பார்ப்போரையும் அருகில் பெற்றிருக்கும் பெரும்பண்ணைகள் ரோபோவைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன், உங்கள் பசுக்களில் எத்தனை கன்றில்லாமல் பால் விடுகின்றன என்பதை ஒரு மாதம் கவனித்து எழுதி வைத்துப் பாருங்கள்.